மோதிரவிரல் கணக்கு

இராயபுரம்
9 ஆகஸ்ட் 2025

ராசையா அண்ணாச்சிக்கு,

சௌக்கத் அலி எழுதுகிறேன். உறையின் பின்பக்கத்தில் என் பேரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறீர்கள். அதற்கே நன்றி. நீங்கள் என் நம்பரைப் போனில் தடுத்து வைத்து எட்டு வருஷம் ஆகிறது. அதனால்தான் தாளும் பேனாவும். நீங்கள் ஊரோடு போய்விட்டதால், உடன்குடி முகவரியைத் தண்டையார்பேட்டைக் கடையில் பெனிட்டோவிடம் வாங்கினேன். என்னைப் பார்த்ததும் உங்கள் மகன் கல்லாவை விட்டு எழுந்து நின்றான். அவனைத் திட்ட வேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை காசிமேட்டில் என் கயிற்றுக் கடைக்கு எதிரே ஒரு ஷாமியானா போட்டார்கள். கல்மண்டபத்துப் பெண் ஒருத்தி, தஸ்னீம் என்று பேர், டாக்டருக்கு மேல்படிப்புப் படிக்கிறாள். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களின் கைகளைப் பார்த்து, எந்த வயதில் எத்தனை பேருக்குக் கோளாறு இருக்கிறது என்று எழுத வந்திருந்தாள். சும்மா வேடிக்கை பார்க்கப் போன என்னையும் உட்காரவைத்தாள்.

"மாமு, கைய மேசைமேல குப்புற வைங்க. நல்லா அழுத்துங்க."

வைத்தேன். இடது கை ஒட்டிக்கொண்டது. வலது கை கூடாரம் மாதிரி நின்றது. அவள் ஒரு பென்சிலை அடியில் விட்டாள். இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டது.

"இது எத்தனை வருஷமா கீது?" என்றாள்.

"கயிறு இழுத்து இழுத்துக் காய்ச்சுப்போன கைம்மா."

"காய்ப்பு இல்ல மாமு. தோலுக்கு அடியில ஒரு சவ்வு கீது. அது தடிச்சு, முறுக்கி, நாண் மாதிரி ஆவுது. மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் உள்ள இழுத்துக்கும். மொதல்ல உள்ளங்கையில ஒரு முடிச்சுதான் தெரியும். விரல் மடங்க வருஷக்கணக்காவும். வயசானவங்களுக்குத்தான் அதிகமா வரும். வலிக்காது. அதனாலதான் யாரும் காட்ட மாட்டேங்கறாங்க."

டூப்விட்ரான் என்று ஒரு பிரெஞ்சுப் பேர் சொன்னாள். என் வாயில் நுழைய இரண்டு நாள் ஆனது.

எப்போது முதல் என்று அவள் திரும்பக் கேட்டபோது எனக்குத் தேதியே ஞாபகம் வந்துவிட்டது அண்ணாச்சி. 2017 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை. கொருக்குப்பேட்டை ரயிலடி கேரம் மன்றம், இரட்டையர் இறுதி ஆட்டம். ஒரு ஜோடி நீங்களும் நானும். எதிர் ஜோடி மன்றத்துப் பையன் சுஹைபும், என் மகள் உஸ்மாவுக்கு நிச்சயம் செய்திருந்த மொஹ்சினும். எங்களுக்கு மீதி ஒரே ஒரு காய். அடிக்க நான் கையை விரித்தேன், கை போர்டில் உட்காரவில்லை. ஸ்ட்ரைக்கர் வழுக்கிப் போனது. அடுத்த அடியில் சுஹைப் முடித்துவிட்டான்.

நீங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, நூறு பேர் முன்னால், "மாப்பிள்ளைக்குச் சீர் குடுத்துட்டீரு வே!" என்றீர்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நிக்காஹ். நீங்கள் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஜோடியாக ஆடினோம். அந்த மன்றத்தின் படியை நான் அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. கை ஏன் உட்காரவில்லை என்று எனக்கே அன்றைக்குத் தெரியாதபோது உங்களுக்கு நான் என்னவென்று சொல்ல?

இப்போது தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதினேன். வேறொன்றும் கேட்கவில்லை.

சௌக்கத் அலி


உடன்குடி
18 ஆகஸ்ட் 2025

பாய்க்கு,

கடிதம் கிடைத்தது.

எட்டு வருஷம் கழித்து விரல்மேல் பழியைப் போடுவது நன்றாக இல்லை. அன்றைக்குக் காலையில் அரையிறுதி. அதில் இதே கையால் நீர் தொடர்ந்து ஏழு காய் போட்டீர். சாயங்காலத்துக்குள் அந்தக் கைக்கு நோய் வந்துவிட்டதோ? குழிவாயில் நின்ற காய் அது. பச்சைப்பிள்ளை ஊதினால் விழும்.

இன்னொன்று. வயதானவர்களுக்கு வருகிற நோய் என்கிறீர். எனக்கு அறுபத்தைந்து. உமக்கு அறுபத்து மூன்று. இத்தனை காலத்தில் அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் கிடையாது. நிச்சயமாகச் சொல்லுவேன்.

உஸ்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று ஜெயக்கொடி கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

ராசையா


இராயபுரம்
27 ஆகஸ்ட் 2025

அண்ணாச்சி,

உஸ்மாவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தது ஜெயக்கொடி மதினி ஜாடை என்று என் வீட்டில் சொல்கிறார்கள். ரத்த சம்பந்தம் இல்லாமல் எப்படி ஜாடை வரும் என்று நான் கேட்டேன், திட்டு வாங்கினேன். மதினியிடம் சொல்லுங்கள்.

இனி உங்களுக்கு.

காலையில் போட்ட ஏழு காயும் நேர் அடி. அதற்கு மோதிரவிரல் மடிந்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. சாயங்காலக் காய் இடது மூலையில் நின்றது. அதற்குக் கையை அகல விரித்து மோதிரவிரலைத் தள்ளி ஊன்ற வேண்டும். இருபத்திரண்டு வருஷம் என் எதிரே உட்கார்ந்தவருக்கு இது தெரியாதா? கோபத்தில் மறந்துவிட்டீர்கள்.

அப்புறம், ஒருத்தருக்கும் கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை கையைப் பார்த்தீர்கள் அண்ணாச்சி? யாராவது உங்களிடம் வந்து கையை விரித்துக் காட்டினார்களா?

நான் பார்த்தேன். மூன்று வாரமாக அதுதான் எனக்கு வேலை. கடையைச் சிப்பந்தியிடம் விட்டுவிட்டு தஸ்னீமின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். ஆர்வம் தாங்காமல், விரல் மடங்கிய மூன்று பேரை நானே தேடிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒருத்தருக்குப் படகில் வலை இழுக்கும் வின்ச்சில் மாட்டி விரல் போனது. இன்னொருத்தருக்கு வாதம். மூன்றாமவருக்கு ஒன்றுமே இல்லை, பிரியாணி வாங்கித் தருவேன் என்று நம்பி விரலை மடக்கிக்கொண்டு வந்திருக்கிறார்! தஸ்னீம் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"மாமு, வளைஞ்ச கையா தேடிப் புடிச்சா கணக்கு கலீஜாயிடும். வர்ற எல்லார் கையையும் பாக்கணும். நல்ல கையையும் எழுதணும். அப்பதான் எத்தினி பேருக்கு ஒருத்தருன்னு சொல்ல முடியும்."

அதற்குப் பிறகு ஒழுங்காக இருக்கிறேன். இதுவரை அவள் எழுதியதைச் சொல்கிறேன். நாற்பது வயதுக்குக் கீழே இருநூற்றுப் பன்னிரண்டு பேர், ஒருத்தருக்கும் இல்லை. நாற்பதுகளில் நூற்றெண்பது பேருக்கு ஒருத்தர். ஐம்பதுகளில் நூற்றறுபதுக்கு நான்கு. நம் அறுபதுகளில் நூற்று நாற்பதுக்கு ஒன்பது, அதில் அடியேன் ஒருவன். எழுபதும் அதற்கு மேலும் எழுபது பேர், எட்டுப் பேருக்கு இருக்கிறது. ஏறக்குறைய ஒன்பதில் ஒருத்தர்! வெள்ளைக்காரர்களுக்கு இன்னும் அதிகமாம். நம் பக்கம் குறைவு என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். குறைவா, இல்லை யாரும் எண்ணவில்லையா என்பதுதான் அவளுடைய கேள்வி.

மொத்தம் இருபத்திரண்டு பேர். பெண்கள் மூன்றே பேர். அதில் ஒருத்தி மீன் ஏலக்கூடத்து கெங்கம்மா. எழுபத்து நான்கு வயதிலும் கூடையைத் தூக்கி வைக்கிறாள். என் கையைத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னா பாய், இதுலயும் எனுக்குப் போட்டியா வந்துகினியா?" என்று கேட்டாள். ஏலக்கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது அண்ணாச்சி. இந்தக் கையைப் பார்த்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

உங்கள் ஊரை எண்ணிவிட்டுப் பேசுங்கள்.

சௌக்கத் அலி


உடன்குடி
15 செப்டம்பர் 2025

பாய்,

எண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஒரு மேசையைப் போட்டேன். அடுத்த இரண்டு நாள் கருப்பட்டிக் கடைத்தெருவில் உட்கார்ந்தேன். ஊரில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேச்சு. "அண்ணாச்சி கைரேகை பாக்காவளாம்" என்று சொல்லி நாலு பெண்கள் பிள்ளைகளின் கல்யாணம் எப்போது நடக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் எல்லாருடைய கையையும் பார்த்தேன். நல்ல கையையும் எழுதினேன்.

எண்பத்தாறு பேர். ஐம்பதுக்குக் கீழே முப்பத்தொன்று, ஐம்பதுகளில் இருபத்திரண்டு, ஒருத்தருக்கும் இல்லை. அறுபதுகளில் இருபது பேர், இரண்டு பேருக்கு இருந்தது. அதற்கு மேல் பதின்மூன்று பேர், இரண்டு பேருக்கு இருந்தது.

நால்வரில் ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய தலைமையாசிரியர். நான் ஊருக்கு வந்த ஏழு வருஷமாக வாரம் தவறாமல் எனக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவர். அவர் கை மடங்கியிருப்பதை நான் கண்டதே இல்லை. ஜெபத்துக்குக் கை கூப்பும்போது ஒரு கைக்குட்டையைப் பிடித்துக்கொள்வார். அது பழக்கம் என்று நினைத்திருந்தேன். ஒருத்தருக்கும் கிடையாது என்று உமக்கு நிச்சயமாக எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடும்.

மூன்றாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜெயக்கொடி கேட்டாள். "ஊர்ல உள்ளவங்க கையெல்லாம் பாத்திய. ஒங்க கைய வச்சுப் பாத்தியளா?"

வைக்கவில்லை பாய். பயம். அவள் தட்டை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தாள். வைத்தேன். இரண்டு கையும் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகப் போய்விட்டது. எனக்கும் இருந்திருந்தால் உமக்கு எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

இனி எழுதப்போவதற்கு மூன்று தாள் வீணாகிவிட்டது.

அன்று காலை அரையிறுதி ஜெயித்ததும் மன்றத்தில் நம் இருவரையும் போட்டோ எடுத்தார்கள். அது என்னிடம் இருக்கிறது. வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். உம்மேல் கோபமாக இருந்த எட்டு வருஷமும் அங்கேதான் இருந்தது. நேற்று அதை வெளியே எடுத்து, ஜெயக்கொடியின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இருவரும் வலது கையைப் போர்டில் ஊன்றியிருக்கிறோம். என் கைக்கு அடியில் ஒன்றும் இல்லை. உம்முடைய கைக்கும் போர்டுக்கும் நடுவில் நிழல் விழுந்திருக்கிறது.

காலையிலேயே இருந்திருக்கிறது. உமக்கு எதிரே உட்கார்ந்திருந்த நான் பார்க்கவில்லை. பார்க்காமல் வாயைத் திறந்தேன்.

என்னை மன்னித்துக்கொள்ளும்.

ராசையா


இராயபுரம்
26 செப்டம்பர் 2025

அண்ணாச்சி,

முந்தாநாள் உங்கள் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். நீங்கள் "பாய்" என்றீர்கள். நான் "அண்ணாச்சி" என்றேன். அப்புறம் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்டு வைத்துவிட்டோம். நமக்குக் கடிதம்தான் சரிப்படும்.

உங்களை மன்னிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கடிதத்தை மடிக்கும் முன்பே முடிந்துவிட்டது. ஆனால் மறைக்காமல் ஒன்று சொல்லவேண்டும். அந்தச் சொல் என்மேல் மட்டும் விழவில்லை.

மொஹ்சின் அன்றைக்கு நன்றாக ஆடினான். நான் அந்தக் காயைப் போட்டிருந்தாலும் அடுத்த போர்டில் ஜெயித்திருப்பான். ஆனால் மன்றத்தில் அதற்குச் 'சீர்க் கப்பு' என்று பேர் வைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள்கூடக் கப்பு கொண்டுவந்தாயா என்று கேலி பேசினார்கள். அவன் கேரம் ஆடுவதை விட்டுவிட்டான். கப்பு இன்னும் அட்டைப்பெட்டிக்குள் பரண்மேல் கிடக்கிறது. எட்டு வருஷத்தில் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை, கோபித்துக்கொண்டதும் இல்லை. என் மகள்தான் சொன்னாள். மாமனாருக்கு வருத்தமாக இருக்கும் என்று தன் பிள்ளைகளுக்குக்கூட அவன் போர்டு வாங்கித் தரவில்லையாம்.

இதை நான் எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் கைக்கு வருகிறேன். தஸ்னீம் ஒரு கை அறுவை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, இன்னொரு ஊசி முனையால் அந்த நாணை அங்கங்கே அறுத்துவிட்டு விரலை நிமிர்த்துவாராம். கத்தி வேண்டாமாம். சில வருஷம் கழித்துத் திரும்ப வந்தாலும் வருமாம், அதையும் சொல்லிவிட்டார். நவம்பர் 6 என்று நாள் குறித்திருக்கிறது. படகில் போன காலத்தில் நடுக்கடலில் புயலில் மாட்டியவன் நான், ஊசியென்றால் எனக்குக் குலை நடுங்கும். உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். வீட்டில் வீரன் மாதிரி நடந்துகொண்டிருக்கிறேன்.

சௌக்கத்


உடன்குடி
20 நவம்பர் 2025

பாய்,

சௌக்கியமாக ஊர் வந்து சேர்ந்தோம். உம் கை வைத்தியத்துக்குத் துணையாக வந்து, உம் வீட்டில் பத்து நாள் தின்ற தின்பண்டத்துக்கு ஜெயக்கொடி என்னை இப்போது காலையும் மாலையும் நடக்கவிடுகிறாள்.

உம்மிடம் ஒரு பொய் சொன்னேன். நவம்பர் 2 ஞாயிற்றுக்கிழமை முத்துநகர் ரயில் மூன்று மணி நேரம் தாமதம் என்றேன் அல்லவா? வண்டி சரியான நேரத்துக்கு எழும்பூர் வந்துவிட்டது. ஜெயக்கொடியைப் பெனிட்டோ வீட்டில் விட்டுவிட்டு, நான் நேரே கொருக்குப்பேட்டைக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆதலால் மன்றம் நிறைந்திருந்தது. செயலாளர் செங்குட்டுவனிடம் ஐந்து நிமிஷம் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னேன். அவரும் என்னமோ அறிவிப்பு என்று நினைத்து விசில் ஊதிவிட்டார். நடு போர்டின் மேல் போட்டோவை வைத்தேன். பிறகு சொன்னேன்.

"எட்டு வருஷத்துக்கு முந்தி இதே எடத்துல நான் ஒரு வார்த்த சொன்னேன். அது பொய். பாய் தோக்கணும்னு தோக்கல. அவர் கையில ஒரு நோய் இருந்திருக்கு. இந்தா, போட்டோவுல பாருங்க. ஜெயிச்ச பையங்க ஆடி ஜெயிச்சாங்க. நான் சொன்னதுதான் தப்பு."

மூலையிலிருந்து ஒரு கிழவர், "அண்ணாச்சி, அந்த நோய எப்படிக் கண்டுபுடிக்கறது?" என்று கேட்டார். கையைப் போர்டில் குப்புற வைக்கச் சொன்னேன். அவ்வளவுதான், எட்டு போர்டிலும் எல்லாரும் கையை வைத்துவிட்டார்கள்! பவுடரில் ஐம்பது கை அச்சு. ஒருவர் கைக்கு அடியில் ஸ்ட்ரைக்கரைத் தள்ளிப் பார்க்கிறார், இன்னொருவர் பக்கத்து ஆளின் விரலைப் பிடித்து இழுக்கிறார். எழுபத்திரண்டு வயது மூலக்கொத்தளத்துக்காரர் ஒருவர் அகப்பட்டார். அவரைத் தஸ்னீமிடம் அனுப்பியிருக்கிறேன்.

இதற்குள், அன்றைக்கு மொஹ்சினோடு ஜோடி ஆடிய சுஹைப் வெளியே போய் அவனுக்குப் போன் பண்ணியிருக்கிறான். மொஹ்சின் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தான். நான் அவன் முன்னால் போய் நின்றேன். "மாப்ள, அந்தக் கப்பு நீங்க ஜெயிச்சது. சீர்னு சொன்ன என் நாக்கத்தான் அறுக்கணும்" என்றேன்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். கண் கலங்கியிருந்தது. "இத்த அப்பவே சொல்லிகினிருந்தா, நானும் எட்டு வருஷம் ஆடிகினு இருந்திருப்பேன் அண்ணாச்சி."

தலையைக் குனிந்துகொண்டேன். அவன் ஒரு நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டான். "குந்துங்க. ஒரு கேம் போடலாம்."

எட்டு வருஷம் தொடாத கை என்று நம்பி உட்கார்ந்தேன் பாய். என்னை இருபத்தைந்துக்கு மூன்று என்று துவைத்துக் காயப்போட்டான். மன்றமே கூரை பறக்கக் கத்தியது. தோற்று இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த மூன்று மணி நேரம்தான் ரயில் தாமதம். நானே சொல்லும்வரை உம்மிடம் மூச்சு விடக் கூடாது என்று மொஹ்சினிடம் கேட்டுக்கொண்டேன்.

ஆறாம் தேதி நீர் அந்த மருத்துவரைப் படுத்திய பாட்டை நான் யாரிடமும் சொல்லவில்லை. விரல் 'டக்'கென்று நிமிர்ந்தபோது நீர் போட்ட சத்தம் ஊசிக்கு அல்ல, சந்தோஷத்துக்கு என்று உஸ்மாவிடம் சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

விரலைக் கட்டி வைக்கச் சொன்ன பட்டையைத் தூங்கும்போது ஒழுங்காகப் போடும்.

ராசையா


இராயபுரம்
11 ஜனவரி 2026

அண்ணாச்சி,

பட்டையை ஒழுங்காகப் போடுகிறேன். விரல் முக்கால்வாசிக்கு மேல் நேராகிவிட்டது. மீதிக்குத் தினமும் தண்ணீரில் கையை வைத்து நீட்டுகிறேன். மொஹ்சின் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் போர்டு வாங்கிவிட்டான். மூத்தவள் மூன்றே நாளில் கள்ள ஆட்டம் கற்றுக்கொண்டாள். காயை விரலால் தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். மதினி ஜாடை என்று சொன்னதை இனிமேல் நான் மறுக்கப்போவதில்லை, இதை மதினியிடம் சொல்லிவிடாதீர்கள்.

தஸ்னீமின் கணக்குக்கு மதிப்பு வந்துவிட்டது. மாதம் ஒருமுறை கரையோரக் குப்பங்களுக்குக் கை மருத்துவரை அழைத்துப்போக அவளுடைய கல்லூரியில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நேற்று எண்ணூரில் முதல் முகாம். என்னை மேசையில் உட்காரச் சொன்னாள். டாக்டர் சொன்னால் பயப்படுகிறவர்கள், ஊசி போட்டுக்கொண்டவன் சொன்னால் கேட்பார்களாம்.

நேற்று ஒரு பெரியவர் வந்தார். எழுபத்தொரு வயது, கட்டுமரத்தில் போய் வளர்ந்த ஆள். வலது கையைத் துண்டால் மூடிக்கொண்டு வரிசைக்குப் பக்கத்திலேயே நின்றார், சேரவில்லை. அவர் மனைவி தூரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து போய் என்னவென்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். பதினொரு வருஷமாக விரல் மடங்கிப் போயிருக்கிறது. வாலிபத்தில் ஒருநாள் குடித்துவிட்டு அப்பாவை அந்தக் கையால் அறைந்துவிட்டாராம். அதற்குத் தண்டனை என்று குப்பத்தில் பேசினார்கள், அவரும் நம்பிவிட்டார். கையைப் பார்த்தால் பிள்ளைகள் கேட்கும் என்று, வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டார். பதினொரு வருஷம் அண்ணாச்சி!

நான் என் உள்ளங்கையை விரித்து ஊசித் தழும்புகளைக் காட்டினேன். "நான் யாரையும் அடிக்கல நைனா. எனுக்கும்தான் வந்துச்சு. காசிமேட்டுல கெங்கம்மாவுக்குக் கீது. உடன்குடியில ஒரு தலைமையாசிரியருக்குக் கீது. ஒங்க வயசுல ஒம்போது பேருக்கு ஒருத்தருன்னு வருது."

"ஒம்போதுல ஒண்ணா?"

"நாங்களே எண்ணினோம்."

அவர் வரிசையில் நின்ற கிழவர்களைப் பார்த்தார். இடது கை விரலால் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனார். எட்டில் வரிசை முடிந்தது. ஒன்பது என்று விரலைத் தன் நெஞ்சில் வைத்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. தோள் குலுங்கச் சிரித்தார், கண்ணில் தண்ணீரும் வந்தது. துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மடங்கிய கையை எல்லாருக்கும் தெரிய உயர்த்தி, வேப்பமரத்தடியைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தார்.

"அடியே, இங்க வா! எனுக்கு மட்டும் இல்லியாம்!"

உங்கள்
சௌக்கத்